பழைய ஜென்னில் மோமோ ஸ்டீயரிங்: சக்கரம், பாஸ், பட்டறை

தனியாக வாங்கி மாட்டும் ஸ்டீயரிங்கைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் பேச்சு விட்டத்தில் தொடங்கி, தோலுக்கும் தையல் நூலின் நிறத்துக்கும் போய், விலையில் முடிகிறது. அந்தச் சக்கரத்தையும் காரின் ஸ்டீயரிங் தண்டையும் இணைக்கிற பாஸ் என்னும் நடுத்துண்டைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கடைக்காரரும் அதைச் சக்கரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடும் உதிரியாகவே நினைக்கிறார். என்னுடைய 2001ஆம் ஆண்டு மாருதி ஜென்னில் மோமோ நிறுவனத்தின் புரோட்டோடிப்போ சக்கரத்தைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் மாட்டி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சக்கரம் கொடுத்த விலைக்குத் தகுதியானதுதான். ஆனால் வேலை நன்றாக அமைந்ததற்குக் காரணம் பாஸ் என்பதால் இதில் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கார்களுக்கு மட்டுமே பொருந்தும். ஜென் 1993இல் வந்து 2006 வரை விற்பனையில் இருந்தது. என்னிடம் இருப்பது பவர் ஸ்டீயரிங்கும் ஏர்பேக்கும் இல்லாத எல்எக்ஸ் மாடல். பொள்ளாச்சி வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்றதில் தொழிற்சாலை ஸ்டீயரிங்கின் மேற்பூச்சு பிசுபிசுத்துக் கையில் கறுப்பாக ஒட்டத் தொடங்கியிருந்தது. அதே சக்கரம் நல்ல நிலையில் கிடைக்குமா என்று உக்கடம் பக்கத்துப் பழைய உதிரிக் கடைகளில் தேடியதில், கிடைத்தவை எல்லாம் என்னுடையதைவிட மோசமாக இருந்தன. தவிர, இந்தக் கார் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆர்வலர்கள் ஓட்டும் நாள்களில் எப்போதாவது போய்வரும் கார். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தனின் பெயரால் அமைந்த ஓடுதளம் அது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர் என்பதால், எங்கள் பக்கத்தில் மூன்று கம்பிச் சக்கரம் மாட்டிய பழைய மாருதிகளை இன்றைக்கும் பார்க்கலாம். அவற்றில் எத்தனை ஒழுங்காக மாட்டப்பட்டவை என்பது வேறு விஷயம்.

ஏர்பேக் உள்ள காரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீயரிங்கின் நடுவில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளிச் சக்கரத்தை மாட்டுவது என்றால் அதைக் கழற்றி எறிவது என்றுதான் பொருள். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்கு ஒரு ரெசிஸ்டரை இணைத்து, கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. விளக்கு அணைந்துவிடும், மோதலின்போது விரிவதற்கு அங்கே எதுவும் இருக்காது. சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியும் பல கார்களில் அதே கட்டுப்பாட்டுப் பெட்டியின் கீழ்தான் வேலை செய்கிறது. அதில் கை வைத்தால் எது செயலிழக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியாது. புதிய கார்களில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அளக்கும் சென்சாரும், ஏர்பேக்குக்கும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டையான கிளாக் ஸ்பிரிங்கும் அந்த இடத்திலேயே இருக்கின்றன. அழகுக்காக இவற்றைக் குலைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஏர்பேக் இல்லாத காருக்கும் சட்டம் உண்டு. வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட முதல் ஆவணம் பில். அந்தப் பில்லுக்காகப் பட்டறையில் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

இனி சக்கரம். மோமோ நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜியான்பியரோ மொரெட்டி என்ற இத்தாலியப் பந்தய ஓட்டுநர். மொரெட்டி, மோன்சா என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். 1964இல் ஜான் சர்டீஸ் உலகப் பட்டம் வென்ற ஃபெராரியில் இருந்ததும் மொரெட்டியின் சக்கரம்தான். புரோட்டோடிப்போ அந்தக் காலத்து அழகை விட்டுவிடாத ஒரு மாடல்: 350 மி.மீ. விட்டம், துளையிட்ட மூன்று கம்பிகள், கறுப்புத் தோல் சுற்றிய விளிம்பு. விளிம்பின் தடிமன் என் கைக்குச் சரியாக இருக்கிறது. கட்டைவிரல் படியும் இடத்தில் வடிவம் மெல்லியதாகவே தெரிகிறது, பருத்த விளிம்பை விரும்புபவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். தையல் உட்பக்கமாக ஓடுவதால் உள்ளங்கையில் உறுத்துவதில்லை. மழைக்காலத்து ஈரத்திலும் தோல் வழுக்கவில்லை. ஏப்ரல் மாதத்து நண்பகலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் மட்டும் துண்டைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கறுப்புத் தோலிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? மென்மயிர்த் துணி சுற்றிய சக்கரங்களும் இதே விலையில் உண்டு. கையுறை போட்டு ஓட்டுபவர்களுக்கு அவை பொருந்தும். வெறுங்கையின் வியர்வை பட்டால் சில மாதங்களில் மயிர் படிந்து பளபளப்பாகிவிடும் என்பதால் அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போலிகள் மலிந்த பொருள் இது. அசலில் பாதிக்கும் குறைவான விலை, மங்கலான முத்திரை, விளிம்பை அழுத்தினால் உள்ளே நொறுங்குவது போன்ற ஒலி ஆகியவை முதல் அடையாளங்கள். அசல் சக்கரத்தின் பின்பக்கத்தில் ஜெர்மானியப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலைக் குறிக்கும் கேபிஏ எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைப் போலியிலும் அச்சடிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. போலியில் எனக்குள்ள அச்சம் தோலைப் பற்றியதல்ல. கம்பிகளின் உலோகம் எது, அது வளையுமா ஒடியுமா என்பது யாருக்கும் தெரியாது. அவசரத்தில் இரண்டு கைகளாலும் பிடித்து இழுக்கும் ஒரு பொருளில் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

விட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு. என் ஜென்னின் பழைய சக்கரத்தை நாடாவில் அளந்தபோது ஏறக்குறைய 370 மி.மீ. வந்தது. தண்டைத் திருப்பத் தேவைப்படும் விசை சக்கரத்தின் ஆரத்துக்குத் தலைகீழாக மாறுவதால், 350க்கு வரும்போது கைக்கு ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் பளு. 320க்குப் போனால் அது 16 சதவீதத்தை நெருங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் இந்த வேறுபாட்டைத் தோள்பட்டை உடனே உணரும். அதற்கு ஈடாக ஒரு முழுச் சுற்றில் கை நகரும் தொலைவு சுமார் 6 செ.மீ. குறைகிறது. சின்னச் சக்கரம் காரைக் கூர்மையாகத் திருப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங்கின் கியர் விகிதம் மாறுவதில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முன்பு எத்தனை சுற்றோ இப்போதும் அத்தனைதான். கைக்குத்தான் வேகமாகத் தோன்றுகிறது. பழைய ஜென்னுக்கு 350க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது பாஸ். ஸ்டீயரிங் தண்டின் நுனியில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பாஸின் உட்துளையில் அதே பற்கள் இருக்கும். அதன் முகப்பில் சக்கரத்துக்கான ஆறு துளைகள். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி ஆகிய நிறுவனங்களின் சக்கரங்களில் ஆறு துளைகள் 70 மி.மீ. வட்டத்தில் அமைந்தவை; நார்டி நிறுவனத்தின் துளைகள் 74 மி.மீ. வட்டத்தில் அமைந்தவை. நான்கு மி.மீ. வித்தியாசம்தானே என்று துளையை அரம் போட்டு நீட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நீட்டிய துளையில் போல்ட்டு பக்கத்துக்கு நகர இடம் கிடைத்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. இரண்டு வட்டத்துக்குமான துளைகளைச் சேர்த்தே கொண்ட பாஸ்கள் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். தண்டின் பற்களோ காருக்குக் கார் மாறுபவை. மாருதிக்கு என்று பொதுவாகக் கேட்டு வாங்காமல், பழைய சக்கரத்தைக் கழற்றிப் பல்லின் எண்ணிக்கையையும் தண்டின் விட்டத்தையும் கூம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது சுசூகி கார்களுக்கான இறக்குமதிப் பாஸ். என் காரின் தண்டில் அது கையால் அழுத்தியதும் கடைசிப் பகுதி வரை ஆட்டமின்றி இறங்கியது.

அந்தப் பாஸைக் கையில் வாங்கியதும் சற்று ஏமாற்றமாக இருந்தது. பற்கள் உள்ள நடுப்பகுதியும் முகப்புத் தட்டும் திடமாக இருக்க, இரண்டுக்கும் இடையில் மெல்லிய தகட்டால் ஆன கூம்புதான் இருந்தது. அதை ஒரு ரப்பர் உறை மூடியிருந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இப்படிப்பட்ட பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பம்புசெட்டிலும் கிரைண்டரிலும் மோட்டாரிலும் வளர்ந்த ஊர்; கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு லேத் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் இதைக் காட்டியபோது, முழு அலுமினியத் துண்டில் கடைந்து, உட்பல்லை வயர்கட் இயந்திரத்தில் வெட்டி, இறக்குமதி விலையில் பாதிக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். மாதிரிக்குக் காட்டிய துண்டு உண்மையிலேயே அழகு. பல்லின் பொருத்தத்திலும் குறை சொல்ல இடமில்லை.

ஸ்டீயரிங் மாட்டித் தந்த பட்டறைக்காரர் அதைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பேசுவது குறைவு. "அம்மணி, இது பம்புசெட்டுத் தண்டு இல்லீங்க. வண்டி போய் இடிச்சா இது நசுங்கோணுமுங்க. நசுங்காட்டி நெஞ்சு நசுங்கிப் போயிருமுங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஏர்பேக் வருவதற்கு வெகு காலம் முன்பே, நேருக்கு நேர் மோதலில் ஸ்டீயரிங் தண்டு ஈட்டியைப் போல் ஓட்டுநரின் நெஞ்சில் பாய்வதைத் தடுக்க, நசுங்கி உள்வாங்கும் தண்டுகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1968 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. இவ்வகைத் தண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளால் ஆனவை. சாதாரண நேரத்தில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை மோதலில் உடைவதற்கென்றே வைத்த பிளாஸ்டிக் ஊசிகள். தொழிற்சாலைச் சக்கரத்தின் உட்சட்டமும் மார்பு மோதினால் வளைந்து கொடுக்கும்படி அமைக்கப்படுவதுதான். அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு முழு அலுமினியத் துண்டை வைத்தால், வளைய வேண்டிய இடத்தில் வளையாத ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். திருப்பும் திசையில் இரும்பாகவும், ஓட்டுநரின் பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்துக்குத் தகரமாகவும் இருக்க வேண்டிய பொருள் இது. லேத்தில் கடைந்த திடத்துண்டு முதலாவதை மட்டுமே செய்கிறது. எங்கள் ஊர் லேத்தின் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. மெல்லிய தகட்டுக் கூம்பை வடிவமைத்து நசுக்கிச் சோதித்த பிறகு அவர்களே செய்து விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. பழைய சக்கரத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, அதன் மேல் ஒரு இரும்புத் தட்டைப் பற்றவைத்துப் பாஸ் என்று விற்பது. பல தொழிற்சாலைச் சக்கரங்களில் பற்கள் உள்ள சிறு வளையம் மட்டும்தான் எஃகு. சுற்றியுள்ள சட்டம் அலுமினியமோ மக்னீசியமோ ஆன வார்ப்பு. அதன் மேல் எஃகுத் தட்டு ஒட்டியதுபோல் தெரியுமே தவிரப் பிடிக்காது. விலையைக் கேட்டு மயங்கி இதை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குபவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பொருத்தும் வேலையில் பட்டறையின் திறமை நன்றாகவே தெரிந்தது. முன் சக்கரங்கள் நேராக நிற்கும்படி காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே ஹார்ன் மூடியில் கை வைத்தார்கள். நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் சில மரைகள் மிச்சம் இருக்கும்படி விட்டுவிட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி இழுத்தார்கள். இப்படி விடாவிட்டால், இறுகியிருக்கும் சக்கரம் திடீரென்று விடுபட்டு இழுப்பவரின் முகத்தில் வந்து மோதும். தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டிக் கழற்றும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. மேலே சொன்ன பிளாஸ்டிக் ஊசிகள் அந்த அடியிலேயே உடைந்துவிடக்கூடும். வெளியில் எதுவும் தெரியாது, தண்டு மட்டும் முன்னும் பின்னும் லேசாக ஆடத் தொடங்கும். சுத்தியலை எடுக்கும் பட்டறையில் உங்கள் காரை விட வேண்டாம். பழைய சக்கரம் இருந்த நிலையைத் தண்டில் வெள்ளைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, பாஸின் மேல்பக்கக் குறியை அதற்கு நேராக வைத்து இறக்கினார்கள். இண்டிகேட்டர் தானாகத் திரும்புவதற்கு உதவும் இரண்டு முளைகள் பாஸின் அடியில் உள்ளன. அவை உரிய பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று விளக்கடித்துப் பார்த்த பிறகே நட்டு ஏறியது. பின்னர் காரின் சர்வீஸ் கையேட்டில் கொடுத்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். சக்கரத்தின் ஆறு ஆலன் போல்ட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வராமல் எதிரெதிராக இறுக்கியதையும் குறிப்பிட வேண்டும்.

நேராக நிறுத்தும் விஷயத்தில் ஒன்று. 36 பற்கள் உள்ள தண்டு என்றால் ஒரு பல் மாறினால் 10 பாகை சாயும். ஆகவே ஐந்து பாகைச் சாய்வைப் பல் மாற்றிச் சரிசெய்ய முடியாது. அதற்கு அலைன்மென்ட் மேடையில் முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான இருபுறத்து டை ராடுகளையும் சம அளவில் எதிரெதிராகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கிக் காட்டினால் டயர் தேய்ந்துபோகும், இரண்டு பக்கம் திரும்பும் அளவும் ஒன்றாக இருக்காது. என் காருக்கு இந்த வேலை வேறு ஒரு கடையில் நடந்தது, சரியாகவே செய்தார்கள்.

குறை என்று பார்த்தால் ஹார்ன். எல்லாம் முடிந்து பேட்டரியை இணைத்தபோது ஹார்ன் ஒலிக்கவில்லை. பட்டறையில் இருந்த இளைஞர் ரிலேயை மாற்றினார், பொத்தானை மாற்றினார், ஃபியூஸை எடுத்து ஊதிப் பார்த்தார். இந்த வகைக் கார்களில் ஹார்ன் பொத்தான் செய்வது ஒரு கம்பியை எர்த்தில் தொடவைப்பது மட்டுமே. அந்த எர்த் சக்கரத்தின் உலோகம் வழியாகப் பாஸுக்கும், பாஸ் வழியாகத் தண்டுக்கும் போக வேண்டும். கறுப்பு அனோடைசிங் பூச்சு ஏற்றிய பாஸின் மேற்பரப்போ மின்சாரத்தைக் கடத்தாது. நான் மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தபோது பாஸின் முகப்புக்கும் தண்டுக்கும் இடையில் தொடர்பே இல்லை. ஒரு போல்ட்டுத் தலையின் அடியில் நகக்கண் அளவு பூச்சைச் சுரண்டி, பொத்தானின் எர்த் கம்பியை அங்கே கொண்டுவந்ததும் ஹார்ன் அலறியது. வாரத்துக்குப் பல ஸ்டீயரிங் மாட்டுவதாகச் சொல்லும் ஒரு பட்டறை இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை பில். கேட்டபோதெல்லாம், "எதுக்குங்க அம்மணி பில்லு, ஏதாச்சும்னா வாங்க, பார்த்துக்கலாம்" என்ற பதில்தான். பாஸின் பெயர், பொருத்திய தேதி, இறுக்கிய அளவு ஆகியவை அச்சிட்ட தாளில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகு, மறுவாரம் போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரியவரின் கைவேலைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணை இந்த அலட்சியம் குறைக்கிறது.

ஓட்டத்தில் எப்படி? ராஜ வீதியில் சாயங்கால நெரிசலில் காரை ஓரம் கட்டித் திருப்பும்போது கூடுதல் பளு தெரிகிறது. முன் டயர்களில் காற்றுக் குறைந்திருந்தால் அது இரட்டிப்பாகத் தோன்றும். கார் நகரத் தொடங்கியதும் பளு மறைந்துவிடுகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் இந்தச் சக்கரம் தன் விலையைத் திருப்பித் தந்தது. வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது பழைய வழுவழுப்பான விளிம்பைவிட இதில் தெளிவாகக் கைக்கு வருகிறது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், எல்லோரும் வரையாட்டைத் தேடி நிறுத்தும் இடத்தில் நிறுத்தியபோது, உள்ளங்கையில் வழக்கமான எரிச்சல் இல்லை.

கம்பிகளைப் பிடிக்காமல், விளிம்பைக் கைமாற்றிக் கைமாற்றித் திருப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வளைவுகளில் சிரமம் இல்லை. ஒற்றை உள்ளங்கையை வைத்துச் சுழற்றும் லாரி ஓட்டுநர் பாணி மட்டும் இதில் எடுபடாது.

அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை போகும் 10.1 கி.மீ. நீள ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் ஓட்டியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஒரே சீரான வேகத்தில் விளிம்பில் நுண்ணிய நடுக்கம். தொழிற்சாலைச் சக்கரம் கனமானது. அந்தக் கனமே அதிர்வை விழுங்கிக்கொள்ளும். இலகுவான சக்கரம் எதையும் மறைப்பதில்லை. முன் டயர்களை பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் நின்றது. ஆகவே நடுக்கத்துக்குச் சக்கரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் டயர் கடைக்குப் போய்ப் பாருங்கள்.

மறைப்பு ஒரு சிறு தொல்லை. சக்கரம் சிறுத்ததாலும் பாஸின் நீளத்தால் அது என் பக்கம் நகர்ந்து வந்ததாலும் மீட்டரின் மேல் ஓரம் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டது. இருக்கையை ஒரு படி பின்னால் தள்ளி, சாய்மானத்தை நிமிர்த்திய பிறகே முழுதாகத் தெரிந்தது. இந்தச் சரிசெய்தல் பார்வைக்காக மட்டுமல்ல. முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு விளிம்பின் உச்சியில் படிய வேண்டும். மார்பெலும்புக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். உட்குழிந்த சக்கரங்களை வாங்குபவர்கள் பாஸின் நீளத்தோடு குழிவையும் கூட்டிப் பார்ப்பதில்லை. இரண்டும் சேர்ந்து சக்கரத்தை நெஞ்சருகே கொண்டுவந்துவிடும். குள்ளமானவர்கள் இருக்கையை முன்னால் தள்ளி ஓட்டுவதால் அவர்களுக்கு இது இன்னும் மோசம். என் அம்மாவுக்கு இந்தக் காரை இனிக் கொடுப்பதில்லை.

செலவைச் சொல்கிறேன். சக்கரம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், பாஸ் அதில் கால் பங்கு, பொருத்தும் கூலி 1,500 ரூபாய், அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் தனி. இன்றைக்குப் பழைய ஜென் ஒன்று விற்கும் விலையோடு ஒப்பிட்டால் இது மிகையான செலவு என்பதை மறுக்க முடியாது. பிடிக்கு மட்டும் தீர்வு வேண்டும் என்றால், பழைய சக்கரத்தின் மேலேயே அளவெடுத்துக் கையால் தோல் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடும் ஊரான ஈரோட்டில் நல்ல தோல் கிடைக்கும். அந்தச் செலவு இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, சட்டச் சிக்கலும் கிடையாது, ஏர்பேக் உள்ள காரிலும் நடு மூடியைத் தொடாமல் விளிம்பில் மட்டும் செய்யலாம். பொதுவாக என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஓடுதளத்தில் ஓட்டும் ஆசையும் ஏர்பேக் இல்லாத பழைய காரும் இரண்டும் உள்ளவர்களுக்கு மட்டுமே மோமோவைச் சொல்வேன்.

பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை, சக்கரத்துக்கு நான்கரை, பாஸுக்கு ஐந்து. மாட்டிக்கொண்டவர்கள் முதல் மலைப்பயணம் முடிந்து திரும்பியதும் ஹார்ன் பொத்தானை எடுத்துவிட்டு நடு நட்டையும் ஆறு போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் மறுபடி சோதியுங்கள். என்னுடையதில் ஒரு போல்ட்டு கால் சுற்று இறங்கியது, நட்டு அசையவில்லை.